மொட்டைப்பாறைக்கு ஜன்னல் வைத்த கதை

1

இந்தக் கதை எங்கள் வீட்டு அரிசிப் பானையிலிருந்து கிடைத்தது. சத்தியமாகத்தான். பானைக்குள் அரிசி, அரிசிக்குள் ஒரு பிஸ்கட் டின், டின்னுக்குள் கறுப்புத் துணி, துணிக்குள் சிலேட்டு அளவில் ஒரு கண்ணாடி. அதை வெளிச்சத்தில் எடுத்துப் பார்க்கக் கூடாது. ஏன் என்று இப்போதே கேட்காதீர்கள், பின்னால் தானாக வரும். எழுதுகிற எனக்குத்தான் பொறுமை கிடையாது, படிக்கிற உங்களுக்காவது இருக்கட்டும்.

கண்ணாடியோடு மூன்று கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. ஒன்று பன்னிரண்டு பக்கம், ஓரமெல்லாம் படம். ஒன்று நாலே வரி. மூன்றாவது ஒரு போட்டோக்காரர் எழுதியது; அதில் 'கண்ணாடி' என்ற வார்த்தை பத்தொன்பது தடவை வருகிறது, ஒவ்வொரு தடவையும் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. இந்த மூன்றிலிருந்தும்தான் கதையைக் கிண்டுகிறேன். கடிதத்தில் இல்லாததை நானாகச் சேர்க்கும்போது மனசாட்சி உறுத்தினால் [இப்படி] அடைப்புக்குள் போட்டுவிடுகிறேன். உறுத்தாவிட்டால் போடமாட்டேன்.

முதல் ஆரம்பம்: 1949, மாசி மாதம். தூத்துக்குடிக் கடலில் ஒரு கப்பல் நங்கூரம்—

வேண்டாம். கப்பல் இப்போதே வரக் கூடாது.

இரண்டாம் ஆரம்பம்: முத்துக்குளிப்பு நின்று இருபது வருஷமாகிவிட்ட அந்தக் கரையில், அலைகள் மட்டும் இன்னும்—

ஐயோ, வேண்டவே வேண்டாம். இந்தக் கதையில் யாரும் பெருமூச்சு விடுவதில்லை. அழுவது ஒரே ஒரு ஆள், அதுவும் கண்ணாடிக்காக.

மூன்றாம் ஆரம்பம்: விக்டர் வாந்தி எடுத்தார்.

இது நன்றாக இருக்கிறது. உண்மையும்கூட.

2

விக்டர் வாந்தி எடுத்தார். தூத்துக்குடியில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருப்பவர். கல்யாண ஜோடி, முதல் நற்கருணை வாங்கிப் புதுநன்மை எடுத்த பிள்ளைகள், செத்துப்போன பெரியவர்கள், எல்லாரையும் ஒரே மாதிரி நாற்காலியில் சாத்திப் படம் பிடிப்பவர். கடற்கரை மனிதர், தோணியில் எத்தனை தூரம் போனாலும் தலை சுற்றாது. சிவனாண்டியின் மாட்டு வண்டியில் ஏறிய ஒரு மணி நேரத்தில் சுற்றிவிட்டது.

"அண்ணாச்சி, கடலுக்குள்ள போற ஆளுக்கா வண்டி ஒத்துக்கல?" என்றார் சிவனாண்டி.

"கடலு ஒரே மாதிரி ஆடும் வே. ஒம்ம மாடு நெனச்சபடில்லா ஆடுது."

விக்டர் மடியில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று பன்னிரண்டு போட்டோ பிளேட்டுகள் அடங்கிய பெட்டி. பிளேட்டு என்றால் கண்ணாடிதான். ஒரு பக்கம் மருந்து பூசியது. அதில்தான் படம் விழும். உலகச் சண்டை முடிந்து நாலு வருஷமாகியும் அது லேசில் கிடைப்பதில்லை. மற்றது, போகிற வீட்டுக்கென்று வாங்கிய மக்ரூன் பொட்டலம். முட்டையும் சர்க்கரையும் சேர்ந்த அந்த வாசனை அவருக்கு இப்போது ஆகவில்லை.

"இந்தாரும், நீரே தின்னும். இத மோந்தாலே கொமட்டுது."

சிவனாண்டி தின்றார். மாட்டுக்கும் ஒன்று கொடுத்தார். [மாட்டுக்குக் கொடுத்தது நான் சேர்த்தது.] இந்த மக்ரூனை மறந்துவிடாதீர்கள். கதை கவிழ்ந்ததற்கு இதுதான் காரணம்.

தூத்துக்குடி தெரிந்தவர்கள் இந்நேரம் முகம் சுளித்திருப்பார்கள். உப்பளம் இருக்கிறது, கடல் இருக்கிறது, மலை எங்கே என்பார்கள். நியாயம். விளாத்திகுளம் போகிற வழியில், கடலைவிட்டு அதிகம் விலகாமல், பொட்டலுக்கு நடுவே ஒரு பாறை முளைத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு அது மொட்டைப்பாறை. அதன் உச்சியில் வீடு கட்டிய பர்னபாஸுக்கும் தேவமணிக்கும் மட்டும் அது மலை.*

* உயரம் எவ்வளவு என்று எழுதலாமா என்று யோசித்தேன். சரியாக எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். ஐம்பது அடி கூட்டினால் எனக்குச் சிரிப்பு வரும். விட்டுவிட்டேன்.

பர்னபாஸ் மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். எழுபது வயது. கடைசி முத்துக்குளிப்பின்போது தோணிகளுக்கு எண் எழுதுகிற வேலைக்குப் போய், எண்ணோடு நிற்காமல் ஒவ்வொரு தோணிக்கும் ஒரு மீசை வரைந்ததால் திருப்பி அனுப்பப்பட்டவர். வரும்போது நாலு வண்டி வெறும் சிப்பியோடு வந்தார். அதைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கித்தான் பின்னால் பாறைமேல் வீட்டைப் பூசினார்கள். சுவரில் சிப்பிப் பொடி மின்னும். தேவமணிக்கு அறுபத்தாறு. கையில் எது கிடைத்தாலும் அதில் உருவம் பார்ப்பவர். அடுப்பை யானையாகவும் அம்மிக்குழவியை மீனாகவும் மாற்றியவர்.

மலையேறிப் பதினேழு வருஷம். நாற்காலி அவர்கள் செய்தது. செருப்பு பனைநாரில் அவர்கள் முடைந்தது. மூக்குக்கண்ணாடிச் சட்டம் ஆட்டுக்கொம்பு. வர்ணம் தேரிக்காட்டுச் செம்மண்ணும் கரியும். ஒரு வயலின்கூட உண்டு, அதை வாசித்தால் ஆடு எழுந்து போய்விடும்.

செய்ய முடியாமல் போனது ஒன்றுதான். ஜன்னல் கண்ணாடி. தேரி மணலை உருக்கினால் கண்ணாடி வரும் என்று பர்னபாஸ் எங்கோ படித்துவிட்டு மூன்று நாள் ஊதுலை ஊதினார். கறுப்பாக ஒரு கட்டி வந்தது. அது இப்போது கதவுக்கு முட்டு. கிழக்கு ஜன்னலில் பன்னிரண்டு கட்டம் போட்ட சட்டம் இருந்தது. ஒவ்வொன்றிலும் தட்டைச் சிப்பி பதித்திருந்தார்கள். சிப்பி வெளிச்சத்தை விடும், கடலைக் காட்டாது. அடுப்படியில் உட்கார்ந்தபடியே கடலைப் பார்க்க வேண்டும் என்பது தேவமணியின் பதினேழு வருஷத்து ஆசை.

3

போட்டோ எதற்கு என்று சொல்ல வேண்டும். அதற்கு மகள் வேண்டும். அவள்தான் எனக்கு எழுதவே வரவில்லை.

கொழும்பில் ஒரு மகள் இருந்தாள். அவள் மூக்கு நீளம்; நாக்கு அதைவிட—

வேண்டாம்.

பெற்றவர்களைப் பாறையில் தவிக்கவிட்டு அக்கரையில் சொகுசாக—

பொய். ரேஷன் அரிசியில் என்ன சொகுசு?

பேபி என்று அவளுக்குப் பெயர் இருக்கட்டும். நாற்பத்தோரு வயதில் பேபி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கொட்டாஞ்சேனையில் இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறாள். ஒரே ஒரு தடவை பாறைவீட்டுக்குப் போயிருக்கிறாள், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். ஏறும்போது மூன்றாவது படி ஆடி விழப் போனாள். அன்றிலிருந்து கடிதத்துக்குக் கடிதம் அந்தப் படியைப் பற்றி எழுதுவாள். 'சரி செய்துவிட்டேன்' என்று பர்னபாஸ் ஒவ்வொரு தடவையும் பதில் எழுதுவார்.

போன கிறிஸ்துமஸுக்கு அவள் எழுதிய கடிதம்தான் கடைசி எச்சரிக்கை. 'நீங்கள் இருவரும் சாப்பாடில்லாமல் எலும்பாகிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஈஸ்டருக்கு முன்னால் கப்பலேறி வந்து உங்களைக் கீழே இறக்கிக் கொழும்புக்குக் கூட்டி வரப்போகிறேன். சௌக்கியமாகத்தான் இருக்கிறோம் என்றால் அத்தாட்சிக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள்.'

ஆக, விஷயம் இவ்வளவுதான். போட்டோ நன்றாக விழுந்தால் மலை அவர்களுக்கு. விழாவிட்டால் கொட்டாஞ்சேனையில் இரண்டு அறை.

4

பேபி நான்தான்.

முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்தவர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அரிசிப் பானையில் கண்ணாடி வைத்திருப்பவள் வேறு யாராக இருக்க முடியும்? நீளமூக்கு என்று என்னையே எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. நல்லவள் என்று எழுதவும் கை வரவில்லை. இனிமேல் பர்னபாஸ் அப்பா, தேவமணி அம்மா. அவர்களை 'அவர்', 'இவர்' என்று எழுதி எனக்கு மூச்சு முட்டிவிட்டது.

கணக்கு டீச்சர் கதை எழுதலாமா என்று கேட்பீர்கள். விடை தெரியாத கணக்கைப் போர்டில் எழுதிவிட்டு எத்தனை நாள் விழித்திருக்கிறேன் என்று என் மாணவிகளைக் கேட்டால் தெரியும்.

5

விக்டர் மேலே ஏறினார். மூன்றாவது படியில் விழுந்தார். [அடைப்புக்குறி தேவையில்லை, அவர் கடிதத்தில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார்.]

எழுந்து வாசலுக்குப் போனால் அப்பாவும் அம்மாவும் தயாராக நின்றார்கள். மாசி வெயிலில் அப்பா மூன்று சட்டை போட்டு அதன்மேல் கோட்டு. அம்மா இரண்டு சேலை, ஒன்றின்மேல் ஒன்று. இருவர் கன்னமும் கொழுக்கட்டை மாதிரி உப்பியிருந்தது.

"ஐயா, வாய்ல என்னமும் வீக்கமா?" என்றார் விக்டர்.

அப்பாவால் வாய் திறக்க முடியவில்லை. அம்மா தன் வாயிலிருந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "கருப்பட்டி, தம்பி. கன்னம் உப்பலா இருந்தாத்தான் அவ நம்புவா. நீங்க சட்டுன்னு எடுங்க, கரையுதுல்லா."

சட்டென்று எப்படி எடுப்பது? இரண்டு கலைஞர்களைப் படமெடுப்பது அதுவரை விக்டருக்குப் பழக்கமில்லை. வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும் என்று அப்பா அவரைக் காமிராவோடு மூன்று தடவை இடம் மாற்றினார். "ஒளி கெடக்கட்டும், ஆட்ட எங்க நிப்பாட்டுதிய?" என்று அம்மா கேட்டார். ஆடு இல்லாவிட்டால் படத்தில் வலது மூலை வெறுமையாகிவிடுமாம். அப்பா விக்டரை விலக்கிவிட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். அடுத்து அம்மா விட்டார். காமிராவுக்குள் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும்.

"ஏங்க, தலகீழா நிக்கும்போதுதான் நீங்க பாக்க லெச்சணமா இருக்கிய."

"ஏளா, வெளிய வா. கருப்பட்டி தீந்துட்டு."

ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகக் கருப்பட்டி அடக்க வேண்டியிருந்தது. இரண்டு படத்துக்கு ஒரு தடவை விக்டர் பிளேட்டு மாற்ற இருட்டைத் தேடினார். அந்த வீட்டில் இருட்டு ஒரே இடத்தில்தான் இருந்தது: ஆள் உயரத் தானியக் குலுக்கை. பெட்டியோடு அதற்குள் இறங்கி, மேலே மூடியைப் போடச் சொல்லி, உள்ளே தடவித் தடவி மாற்றிவிட்டு, தலையெல்லாம் கம்புத் தவிட்டோடு எழுந்து வருவார். ஆறாவது தடவை எழுந்து வந்தபோது ஆடு அவரைப் பார்த்து மிரண்டு ஓடியது.

பன்னிரண்டு படமும் நன்றாக விழுந்தன என்று விக்டர் ஆணையிட்டு எழுதுகிறார். ஏழாவது படம் தம் ஆயுளிலேயே சிறந்தது என்கிறார். அதில் கருப்பட்டி இரண்டு பேர் தாடையிலும் வழிய, அம்மா அதைத் துடைக்கப் போக, அப்பா அவர் கையைப் பிடித்துத் தடுக்க, இரண்டு பேரும் வாய்கொள்ளாமல் சிரித்தார்களாம். அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. யாருமே பார்க்கப் போவதில்லை. இதை எழுதும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

6

வேலை முடிந்ததும் விக்டர் பெட்டியைக் கறுப்புத் துணியில் சுற்றி அம்மாவிடம் கொடுத்தார்.

"அம்மா, இத பத்திரமா வைங்க. கண்ணாடி."

இதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். சோறு, கருவாட்டுக் குழம்பு, பதநீர் எல்லாம் ஆனபிறகு பாயில் சாய்ந்தார், தூங்கிப்போனார்.

இனி நடந்ததை அப்பாவின் பன்னிரண்டு பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு முதல் தடவை போகிறவர்கள் வெறுங்கையோடு போகமாட்டார்கள். பழமோ, பண்டமோ, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு சீப்பு வெற்றிலையாவது— தப்பு, வெற்றிலை சீப்பில் வராது. ஒரு கட்டு வெற்றிலையாவது. விக்டர் வந்ததிலிருந்தே அம்மாவுக்கு அது உறுத்தலாக இருந்திருக்கிறது: இத்தனை மரியாதையான பிள்ளை கையை வீசிக்கொண்டு வந்திருக்கிறதே. [மக்ரூன் அப்போது மாட்டின் வயிற்றில்.] கடைசியில் அந்தப் பிள்ளை ஒரு பெட்டியைக் கையில் கொடுத்து, கண்ணாடி என்கிறது.

அம்மா பெட்டியைப் பிரித்தார். உள்ளே பன்னிரண்டு. ஜன்னலில் கட்டம் பன்னிரண்டு.

"ஏளா, இது அந்த ஆளு சாமானில்லியா?" என்று அப்பா கேட்டதாக எழுதியிருக்கிறார். கேட்டாரா என்பது சந்தேகம்.

"படம் அந்தக் காமிராப் பொட்டிக்குள்ளல்லா இருக்கும். இது நமக்கு. வெறுங்கையோடயா ஒரு மனுசன் மலையேறி வருவாரு?"

அதோடு அப்பாவின் சந்தேகம் தீர்ந்தது. பதினேழு வருஷ ஆசை கையில் இருக்கும்போது யாருக்குத்தான் தீராது? சிப்பிகளைப் பெயர்த்தார்கள். கண்ணாடி ஒவ்வொன்றும் கட்டத்துக்கு ஒரு விரற்கடை குறைந்தது. சிப்பிச் சுண்ணாம்பைக் குழைத்து இடைவெளியை அடைத்தார்கள். மேலே ஏறியிருந்த வெயில், பாறையில் பட்டுத் திரும்பி ஜன்னல் முழுக்க அடித்தது.

கடல் தெரியவில்லை. கண்ணாடி பால் மாதிரி இருந்தது. அம்மாவுக்கு ஏமாற்றம். ஆனால் அடுத்த நிமிஷமே அது பால் நிறமாக இல்லை. ரோஜா நிறம். பிறகு கத்தரிப்பூ. பிறகு மழை வரும் முன் வானம் இருக்குமே, அந்த நிறம். கட்டத்துக்குக் கட்டம் கண்ணெதிரே நிறம் மாறுகிறது. ஆயுள் முழுக்க வர்ணம் குழைத்த மனிதர், தூரிகை தொடாமல் நிறம் வருவதை அன்றுதான் பார்த்தார். 'பேபி, எனக்குக் கால் தரையில் பாவவில்லை' என்று எழுதியிருக்கிறார். அந்த வரிக்குப் பக்கத்தில் அப்பா ஒரு கால் தூக்கி ஆடுகிற படம்.

ஓரத்தில் ஒரு வேப்பிலை ஒட்டியிருந்தது. எடுத்தால், இலை இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, இலை வடிவத்திலேயே இருந்தது. அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. சீப்பு, சாவி, கோழியிறகு, ஆட்டுத்தாடி, எல்லாவற்றையும் ஒட்டிப் பார்த்தார்கள். பெட்டிக்குள் மிச்சமிருந்த ஒரே ஒரு கண்ணாடியை வெளியே பாறைமேல் வைத்து—

(பன்னிரண்டு கட்டம், பன்னிரண்டு கண்ணாடி, மிச்சம் எங்கிருந்து வந்தது என்று என் மாணவிகள் கேட்பார்கள். ஒரு கட்டத்தில் சிப்பி விழுந்து புறா கூடு வைத்திருந்தது, அதை மட்டும் தொடவில்லை. முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்.)

—வைத்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா இடது கையையும் அம்மா வலது கையையும் அதன்மேல் பதித்துக்கொண்டார்கள். எவ்வளவு நேரம் அசையாமல் இருப்பது? மூன்று கீர்த்தனை பாடி முடிக்கிற நேரம். மூன்றாவதை அம்மா இழுத்து இழுத்துப் பாடினாராம்.

அந்தப் பாட்டில்தான் விக்டர் விழித்தார்.

7

ஜன்னலைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"தம்பி, என்னய்யா? குழம்பு சேரலியா?" என்றார் அம்மா.

"படம்மா. பன்னெண்டு படமும் அதுலதாம்மா இருந்துச்சி. வெயில் கண்டா எல்லாம் போச்சும்மா."

பிறகு அம்மா எழுந்து போய், மிச்சமிருந்த கருப்பட்டியை முழுசாக விக்டர் கையில் வைத்தார். "பேபி வந்துருவா" என்று அப்பாவிடம் சொன்னார். "நம்மள எறக்கிருவா. நாந்தான் கெடுத்தேன்." அப்பா, கை பதித்த கண்ணாடியைக் கறுப்புத் துணியில் சுற்றினார்.

"இத அனுப்பிருங்க."

விக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். இது நிற்காது. வெளிச்சம் படப்படக் கை இருக்கிற இடமும் கறுத்துவிடும். ஸ்டூடியோவில் ஹைப்போ மருந்தில் போட்டால் நிற்கும், ஆனால் கத்தரிப்பூ நிறம் போய் வெறும் பழுப்பாகிவிடும்.

"அப்ப மருந்துல போட வேண்டாம்" என்றார் அப்பா.

"அவ பாத்துட்டு மூடி வச்சிரட்டும்" என்றார் அம்மா. "கணக்குப் பாத்துப் பாப்பா."

விக்டரின் கடிதம் இப்படி முடிகிறது: 'அவர்கள் சௌக்கியம். நான்தான் சௌக்கியமில்லை.'

8

மூன்று தடவை பார்த்திருக்கிறேன். கதவைச் சாத்தி, திரையைப் போட்டு, துணியை விலக்கி, பத்து எண்ணுவதற்குள் மூடிவிடுவேன்.

முதல் தடவை இரண்டு கைகள் தெரிந்தன. அப்பாவின் சுண்டுவிரல் கோணல். அம்மாவின் மணிக்கட்டில் வளையல் கோடு. சுண்டுவிரலும் சுண்டுவிரலும் தொட்டுக்கொண்டிருந்தன. இரண்டாம் தடவை கொஞ்சம் மங்கியிருந்தன. மூன்றாம் தடவை, டீச்சர் புத்தி, அளந்து பார்த்தேன். என் கையை அம்மா கையின்மேல் வைத்தேன். மூன்று சட்டை போட்டு ஏமாற்றலாம், கருப்பட்டி அடக்கி ஏமாற்றலாம். கையை என்ன செய்ய முடியும்? அம்மாவின் விரல்கள் என் விரல்களுக்கு வெளியே தடிப்பாக, இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தன. எலும்பாக இருந்தது என் கைதான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பத்து எண்ண மறந்துவிட்டேன். அதனால் இப்போது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரியாது. திறந்தால் தெரிந்துவிடும், திறந்தால் குறைந்துவிடும்.

முடிவு சொல்ல வேண்டும். மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாவது: பேபி போகிறாள், இருவரையும் இறக்கிக் கூட்டி வருகிறாள். கொட்டாஞ்சேனை வீட்டில் அப்பா சுவரெல்லாம் மீசை— இதைப் பாதியில் விட்டுவிட்டேன்.

இரண்டாவது: பேபி போகவில்லை. 'படம் நன்றாக வந்திருக்கிறது' என்று எழுதிப் போடுகிறாள். கண்ணாடி அரிசிக்குள்ளேயே இருக்கிறது. இதை முழுசாக எழுதிப் பார்த்தேன். இலக்கணமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

மூன்றாவது: பேபி போகிறாள், திரும்பி வரவில்லை. இதை எழுதவே பயமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வது? ஆடு எழுந்து போகிற வயலினைத் தினமும் யார் கேட்பது?

9

அம்மாவின் நாலு வரிக் கடிதத்தை இன்னும் உங்களுக்குக் காட்டவில்லை. வேண்டுமென்றேதான் ஒளித்தேன்.

'அன்புள்ள பேபிக்கு. படம் போனது என்னால்தான். ஜன்னல் அழகாக இருக்கிறது ஆனால் கடல் தெரியவில்லை. எங்களை இறக்க வருவதென்றாலும் சரி சும்மா வருவதென்றாலும் சரி வெறுங்கையோடு வராதே.'

போன சனிக்கிழமை புறக்கோட்டையில் நாலு கடை ஏறி இறங்கினேன். என் மேஜைமேல் இப்போது ஒரு மரப்பெட்டி இருக்கிறது. வைக்கோலுக்குள் பதினொரு ஜன்னல் கண்ணாடி. மருந்து பூசாதது, இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் பளிச்சென்று தெரிவது. ஒரு விரற்கடை அகலம் கூட்டி வெட்டச் சொன்னேன். புறா கட்டத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

கப்பலேறுவது யார், எத்தனை நாளைக்கு, எதற்கு என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு இன்னும் விடை வரவில்லை. பெட்டி கனம், ஒருத்தியால் தூக்க முடியாது. அந்த முனையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது; நடுக்கடலில் லாஞ்சுப் படகுக்கு இறக்கும்போது சாய்த்துவிடாதீர்கள். கரையில் சிவனாண்டி வண்டி நிற்கும். வாந்தி வந்தால் வெளியே எட்டி எடுங்கள், பெட்டிமேல் வேண்டாம்.

பாறைக்கு வந்ததும் நீங்கள் முன்னால் ஏறுங்கள். பார்த்து. மூன்றாவது படி ஆடும்.